வயிற்றில் பெல்ட் தடம் இருந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வேலூர்ப் பக்கம் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் கார் விபத்தில் சிக்கிய ஒருவருக்குக் குடல் கிழிந்துவிட்டதாம், அவர் போட்டிருந்த சீட் பெல்ட்தான் அதற்குக் காரணமாம். "பெல்ட் போடாம இருந்திருந்தா கை கால் காயத்தோட போயிருக்கும், பெல்ட் போட்டுத்தான் வயிறு போச்சு" என்று காய்கறிக் கடையில் ஒருவர் சொல்கிறார். ரேஷன் கடை வரிசையில் இன்னொருவர் அதையே கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். அவர்களில் கார் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

நான் இந்த ஊரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் அறுவை சிகிச்சை வார்டிலும் பல ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெல்ட்டால் காயம் படும் என்பது உண்மை. குடல் கிழிவது, முதுகெலும்பு முறிவது, மார்பெலும்பு விரிசல் விடுவது எல்லாம் நடக்கக்கூடியவைதான், அப்படி அடிபட்டு வந்தவர்களுக்கு நானே டிரிப்ஸ் போட்டிருக்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, "பெல்ட் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறோம். அதனால்தான் யாரோ ஒருவருக்கு ஏதோ ஆனதும் இந்த மாதிரிப் பேச்சு ஊரெல்லாம் பரவுகிறது. பெல்ட் எங்கே காயப்படுத்தும், எதனால், அப்படிப் பட்டுவிட்டால் அடுத்த இரண்டு நாள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை நம் மக்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. இடம் கொடுத்தால் அதை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பேச்சுக்கு ஒரு பதில். கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் உள்ளே இருக்கும் நாமும் அதே வேகத்தில்தான் போகிறோம். கார் எதன் மீதாவது மோதி நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். கண்ணாடியோ, ஸ்டியரிங்கோ, முன் சீட்டோ, வெளியே தார் சாலையோ ஏதோ ஒன்று நம்மை நிறுத்தியே தீரும். பெல்ட் போட்டிருந்தால் அந்த வேலையைப் பெல்ட் செய்கிறது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நிறுத்த வேண்டியிருப்பதால், இரண்டு அங்குல அகலமே உள்ள அந்தப் பட்டையில் டன் கணக்கில் விசை இறங்குகிறது. தடம் விழாமல் எப்படி இருக்கும்? உலக சுகாதார நிறுவனம், சீட் பெல்ட் போட்டால் விபத்தில் சாகும் அபாயம் 50 சதவீதம் வரை குறையும் என்கிறது. "கை கால் காயத்தோடு போயிருக்கும்" என்று கடையில் பேசுபவர்கள், பெல்ட் போடாமல் வந்தவர்களின் தலையையும் கழுத்தையும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அப்படிப் பேச மனம் வராது.

ஒரே காரில் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். குடியாத்தம் பக்கத்துக்காரர்கள். திருவண்ணாமலையில் கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரியில் கணியம்பாடி வழியாகத் திரும்பியவர்கள். பின் விளக்கு எரியாத கரும்பு டிராக்டர் ஒன்றின் மீது கார் போய் மோதியது. கரும்பு வெட்டுக் காலத்தில் இந்தப் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்கு அந்த டிராக்டர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பின் சீட்டில் ஜன்னலோரம் பெல்ட் இல்லாமல் தூங்கிக்கொண்டு வந்த பெரியம்மா, முன்னால் வீசப்பட்டு அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். காரை ஓட்டிய பையன் பெல்ட்டை ஒழுங்காகப் போட்டிருந்தான். காறை எலும்பு, அதாவது கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் எலும்பு, முறிந்தது, மார்பில் வலி, கையில் தூளி கட்டி சில வாரம் இருந்தான், அவ்வளவுதான். பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்திருந்தது அவன் தங்கை. பழைய கார்களில் நடு சீட்டுக்குத் தோள் பட்டை கிடையாது, இடுப்பைச் சுற்றி ஒற்றைப் பட்டை மட்டும்தான். அதைப் பட்டுப்புடவைக் கொசுவத்துக்கு மேலே, வயிற்றில் மாட்டியிருந்தாள்.

அந்தப் பெண்தான் விபத்து நடந்ததும் காரிலிருந்து தானாக இறங்கி, எல்லோருக்கும் போன் போட்டு, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டவள். வழியில் ஒரு மருத்துவமனையில் டி.டி. ஊசி போட்டு, வலி மாத்திரை கொடுத்து, உனக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சாவு. வயிறு வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கே கூச்சம். மறுநாள் சாயங்காலம் வாந்தி, காய்ச்சலோடு எங்களிடம் கொண்டு வந்தார்கள். உடை மாற்றும்போது பாவாடை நாடாவைத் தளர்த்திப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே, இந்தப் பக்க விலாவிலிருந்து அந்தப் பக்கம் வரை, பெல்ட்டின் அகலத்துக்கே ஒரு தடம். நடுவில் கருநீலம், ஓரங்களில் சிவப்பு, ஓரிடத்தில் தோல் உரிந்து, பெல்ட்டின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. "அது பெல்ட் அழுத்துனது சிஸ்டர், சரியாப் போயிடும்" என்றாள். வயிற்றில் கை வைத்தால் பலகை மாதிரி கெட்டியாக இருந்தது. நாடித் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு அடியில் காற்று. குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம். ராத்திரியே வயிற்றைத் திறந்தார்கள். சிறுகுடலில் கிழிசல், குடலைத் தாங்கும் சவ்விலும் கிழிசல், வயிறு முழுக்கக் கசிவு. பிழைத்துக்கொண்டாள். ஆனால் சில மணி நேரத்தில் தைத்து முடிக்க வேண்டிய ஒரு காயத்துக்காக அவள் ஐ.சி.யூ.வில் கிடந்து பட்ட பாடு பெரும் பாடு. எழுந்து உட்கார வைத்தபோது நடு முதுகு வலிக்கிறது என்றாள், ஸ்கேனில் இடுப்புப் பகுதி முதுகெலும்பிலும் முறிவு தெரிந்தது.

இது அபூர்வமான கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றுக் காயமும் முதுகெலும்பு முறிவும் சேர்ந்து வருவது மருத்துவ உலகத்துக்குப் புதிதில்லை. கேரட், பிரான்ஸ்டீன் என்ற இருவர் 1962-லேயே பெல்ட் காயங்களைத் தொகுத்து எழுதிவிட்டார்கள். அந்த முதுகெலும்பு முறிவை அதற்கும் முன்பே, 1948-இல், சான்ஸ் என்ற பிரிட்டிஷ் எக்ஸ்ரே மருத்துவர் விவரித்திருக்கிறார். இன்றும் எலும்பு டாக்டர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் அதைக் குறிப்பிடுகிறார்கள். நடப்பது இதுதான்: இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும்போது மேல் உடம்பு முன்னால் மடங்குகிறது. பட்டை வயிற்றில் இருந்தால், பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் குடல் மாட்டி நசுங்குகிறது. காற்றும் திரவமும் அடைபட்ட குடல் வெடிக்கிறது. மடங்கிய முதுகெலும்பு பின்பக்கம் பிளக்கிறது. இதைத் தவிர்க்கத்தான் 1959-இல் வோல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் தோளிலிருந்து மார்பைக் கடந்து இடுப்புக்கு வரும் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தார். மற்ற கம்பெனிகளும் செய்துகொள்ளட்டும் என்று அந்தக் காப்புரிமையை வோல்வோ எல்லோருக்கும் திறந்துவிட்டது. அந்த ஒரு முடிவுக்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மூன்று முனை பெல்ட்டும் தடம் விடும். பூணூல் போட்டாற்போல் தோளிலிருந்து குறுக்கே இறங்கும் அந்தக் கன்றல். நம் ஊர்க் கார்களில் ஓட்டுபவருக்கு அது வலது தோளில் தொடங்கி இடது இடுப்புக்கு வரும், பக்கத்தில் இருப்பவருக்கு இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. சட்டையைக் கழற்றிப் பார்த்தாலே யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிவிடலாம். விபத்துக்குப் பிறகு வண்டி ஓட்டியது யார் என்பதில் பொய் சொல்லி வருபவர்களையும் அந்தத் தடம் காட்டிக் கொடுத்திருக்கிறது, அது வேறு விஷயம். தோளிலும் மார்பிலும் மட்டும் தடம் இருந்தால் காறை எலும்பு, விலா எலும்பு, மார்பெலும்பு முறிந்திருக்கலாம். வலிக்கும், ஆனால் பெரும்பாலும் ஆறிவிடும். வயதானவர்களுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். எலும்பு தேய்ந்தவர்களுக்குச் சின்ன மோதலிலேயே விலா முறியும். வலியில் மூச்சை முழுசாக இழுக்காமல், இருமாமல் படுத்திருந்து, நான்கைந்து நாளில் நிமோனியாவோடு வருவார்கள். கழுத்தில் தடம் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அந்த இடத்தில்தான் ஓடுகிறது.

சரி, எப்படிப் போட வேண்டும்? பெல்ட் எலும்பின் மேல் இருக்க வேண்டும். இதற்கு மேல் பெரிய சூத்திரம் இல்லை. இடுப்புப் பட்டை தொடையும் வயிறும் சேரும் இடத்தில், இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல், தாழ்ந்து, இறுக்கமாக இருக்க வேண்டும். தோள் பட்டை காறை எலும்பின் நடுவில் தொடங்கி மார்பின் நடுவே இறங்க வேண்டும். இந்த எலும்புகள் விசையைத் தாங்கும். குடலும் கல்லீரலும் மண்ணீரலும் தாங்காது.

சொல்ல எளிது. நம் ஆட்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு முகூர்த்த நாளில் பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்று பார்த்தால் தெரியும். போலீஸ் தெரிந்தால் பட்டையைக் குறுக்கே இழுத்து, மாட்டாமல் கையால் பிடித்துக்கொள்வார்கள். கழுத்தில் உரசுகிறது, புடவை மடிப்புக் கலைகிறது என்று தோள் பட்டையை அக்குளுக்குக் கீழே விடுவார்கள் பெண்கள். இது ரொம்ப ஆபத்து. விசை முழுக்கக் கீழ் விலாவில் இறங்கும். விலா முறிந்து வலது பக்கம் கல்லீரலையோ இடது பக்கம் மண்ணீரலையோ குத்தும், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். சிலர் தோள் பட்டையை முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டு இடுப்பில் மட்டும் மாட்டுவார்கள். அப்போது போலின் செய்த வேலை வீண், 1959-க்கு முந்தைய ஒற்றைப் பட்டைக்கே திரும்பிவிட்டோம். கால் நீட்டி, சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு வருபவர்களைச் சென்னை போகும் கார்களில் நிறையப் பார்க்கிறேன். மோதும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போய், இடுப்பில் இருந்த பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். டிரைவர் தூங்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம், பக்கத்தில் இருப்பவர் படுக்காமல் இருப்பதும் முக்கியம்.

புடவை கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. கொசுவம் சொருகிய இடம் வயிற்றில் தடிப்பாக இருக்கும். பெல்ட் தானாக அதன் மேலே ஏறி உட்காரும். மாட்டிய பிறகு ஒரு கையால் பட்டையைக் கொசுவத்துக்குக் கீழே தள்ளி, இன்னொரு கையால் தோள் பட்டையை மேல்நோக்கி இழுத்து இறுக்குங்கள். தாலிக்கொடியும் ஆரமும் பெல்ட்டுக்கு அடியில் இருக்கக் கூடாது. பட்டையின் விசை அவற்றில் கோத்த குண்டுகள் வழியாக மார்பில் இறங்கும், தாலிக்குண்டு பதிந்த புண்ணோடு வந்தவர்களுக்கு டிரஸ்ஸிங் செய்திருக்கிறேன். ஆண்கள் சட்டைப் பையில் செல்போனை வைத்துக்கொண்டு அதன் மேல் பெல்ட் போடுவதும் அதே கதைதான். வேட்டியின் மேல் அகலமான பச்சை பெல்ட், அதில் பர்ஸ், அதற்கு மேல் சீட் பெல்ட் என்று வருபவர்கள், அதையெல்லாம் கழற்றி டேஷ்போர்டுக்குள் வைத்துவிடலாம்.

கர்ப்பிணிகளைப் பற்றித்தான் அதிகம் தப்பாகப் பேசுகிறார்கள். "வயித்துப் புள்ளக்காரி, பெல்ட் போடாதம்மா, குழந்தைக்கு ஆகாது" என்று வளைகாப்புக்கு வந்த அத்தனை பெரியவர்களும் சொல்லி அனுப்புவார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் தாய் தூக்கி எறியப்பட்டால் குழந்தைக்கு யார் பாதுகாப்பு? இடுப்புப் பட்டை வயிற்றுக்கு அடியில், தொடை மடிப்பில் இருக்க வேண்டும். தோள் பட்டை இரண்டு மார்புக்கும் நடுவில் இறங்கி, வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். வயிற்றின் மேட்டில் பட்டை படவே கூடாது. பிறகு ஒன்று: சின்ன மோதலாக இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், கர்ப்பிணி நேராக மகப்பேறு மருத்துவரிடம் போய்விட வேண்டும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரிவது வெளியே தெரியாமலும் நடக்கும். குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைந்தது நான்கு மணி நேரமாவது மானிட்டரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். காத்திருக்க அலுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் நாம் இன்னும் தொடங்கவே இல்லை. பெரியவர்களின் பெல்ட் குழந்தைக்காகச் செய்யப்பட்டதில்லை. ஆறேழு வயதுப் பிள்ளையின் இடுப்பெலும்பு பட்டையைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு வளர்ந்திருக்காது, அதனால் பட்டை வயிற்றுக்கு ஏறுகிறது, தோள் பட்டை கழுத்தை அறுக்கிறது. குடல் காயமும் முதுகெலும்பு முறிவும் சேர்ந்து வருவது பிள்ளைகளிடம்தான் அதிகம் பயப்பட வேண்டிய விஷயம். உயரம் சுமார் 145 சென்டிமீட்டர், அதாவது நாலே முக்கால் அடி வரும் வரை, பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் வேண்டும். விலை இருக்கிறதுதான். பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் நாம் செய்கிற செலவை எண்ணிப் பார்த்தால் அது பெரிய தொகை இல்லை. முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்து, இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டால் கட்டிக்கொள்ளும் பழக்கம் மட்டும் இன்றோடு நிற்க வேண்டும். மோதும்போது தாயின் உடம்பு எடை முழுவதும் குழந்தையின் மேல் விழும். அந்தக் காட்சியை நான் விவரிக்கப் போவதில்லை.

அடுத்து, விபத்துக்குப் பிறகு. இதுதான் நான் எழுத உட்கார்ந்த முக்கியக் காரணம். அடிபட்டவர் நடக்கிறார், பேசுகிறார் என்றால் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் குடல் காயம் முதல் சில மணி நேரம் அமைதியாக இருக்கும். கசிவு பரவி, வயிறு இறுகி, காய்ச்சல் வர ஒரு நாள், சமயத்தில் இரண்டு நாள்கூட ஆகும். முதல் ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் குடல் காயமோ சவ்வுக் காயமோ அதில் தப்பிவிடலாம். அனுபவமுள்ள சர்ஜன்கள் அதனால்தான், வயிற்றில் பெல்ட் தடம் இருந்தால், ஸ்கேன் எப்படி இருந்தாலும் நோயாளியை வைத்துக்கொண்டு, சில மணிக்கு ஒருமுறை அவர்களே வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கை சொல்வதை மெஷின் சொல்லாது.

எனவே வயிற்றில் தடம் உள்ளவர் வீட்டுக்குப் போகக் கூடாது, அல்லது வீட்டார் அழைத்துப் போகக் கூடாது. துக்கம், கல்யாணம், மறுநாள் பரீட்சை எதுவாக இருந்தாலும் சரி. தடம் இல்லாமல் வீட்டுக்கு வந்தவர்களையும் இரண்டு நாள் கவனியுங்கள். காலையில் குளிக்கும்போது தடம் புதிதாகத் தெரியலாம். வலி கூடிக்கொண்டே போவது, வயிறு உப்புவது, வாந்தி, காய்ச்சல், படபடப்பு, தோள்பட்டையில் காரணம் தெரியாத வலி, சிறுநீரில் ரத்தம், முதுகில் ஒரே இடத்தில் வலி, கால் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் திரும்பப் போக வேண்டும். வலி மாத்திரையை விழுங்கி அடக்கிக்கொண்டு காத்திருப்பதுதான் மோசம். ஒன்றும் சாப்பிடக் கொடுக்காமல் அழைத்துப் போங்கள், ஆபரேஷன் தேவைப்பட்டால் நேரம் மிச்சம்.

பணத்துக்குப் பயந்து கிளம்புபவர்கள் நிறையப் பேர். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். வேறு மாநிலத்தவருக்கும் உண்டு. பெல்ட் காயம் தன்னைக் காட்டிக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய அதே 48 மணி நேரம்தான். கையில் காசில்லை என்று யாரும் முதல் நாளே வெளியேற வேண்டிய அவசியமில்லை. கவுன்டரில் கேளுங்கள், இல்லை என்றால் இன்னொரு தரம் கேளுங்கள்.

அவசரப் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் என் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒன்று. கூட்டமாக இருக்கும், தலைக்காயக்காரர் ஒரு பக்கம் கத்துவார், போலீஸ் ஒரு பக்கம் நிற்பார், தெரியும். இருந்தாலும் கார் விபத்தில் வந்த ஒவ்வொருவரையும் திரை போட்டு, உடையை விலக்கி, தோளிலிருந்து தொடை வரை ஒரு தடவை பாருங்கள். நைட்டியோடும் சுடிதாரோடும் வரும் பெண்களைக் கூச்சத்தால் பார்க்காமல் விட்டுவிடுகிறோம், தடம் உள்ளேயே மறைந்துபோகிறது. 108-இல் வரும் தம்பிகள், நோயாளியை ஒப்படைக்கும்போது எந்த சீட்டில் இருந்தார், பெல்ட் போட்டிருந்தாரா, ஒற்றைப் பட்டையா என்று ஒரு வரி சொன்னால் டூட்டி டாக்டருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

பின் சீட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பின்னால் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெல்ட் போடாததற்கு அபராதம் 1000 ரூபாய், 14 வயதுக்குள் உள்ள பிள்ளைகளைப் பாதுகாப்பாக உட்கார வைக்காததற்கும் அதே அபராதம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே காரின் பின் சீட்டில் இருந்தபடி இறந்தபோது நாடே இதைப் பற்றிப் பேசியது. பேச்சு ஓய்ந்துவிட்டது. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி டாக்சி பிடித்தால், பின் சீட் பெல்ட்டின் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அண்மையில் ஒரு டிரைவரிடம் கேட்டேன். "பின்னாடி எதுக்கும்மா, டோல்கேட்ல முன்னாடிதான் பாப்பாங்க" என்றார். நல்ல மனிதர்தான், வண்டியை ஓரம் கட்டி, கவரைத் தூக்கி, தேடி எடுத்துக் கொடுத்தார். வடக்கிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வைத்தியத்துக்காக இந்த ஊருக்கு வருகிறவர்கள் இந்த டாக்சிகளை நம்பித்தான் ஏறுகிறார்கள். சீட் கவர் தைப்பவர்கள் கொக்கிக்கு ஓட்டை விட்டுத் தைத்தால் போதும், கூடுதல் செலவே இல்லை.

பெல்ட் போடாவிட்டால் கத்துகிற அலாரத்தை ஏமாற்ற, வெறும் கொக்கியை மட்டும் விற்கிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வரி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, 2023-இல் இணையக் கடைகளிலிருந்து 13,118 விற்பனைப் பட்டியல்களை நீக்க வைத்தது. கார் அலங்காரக் கடைகளில் இன்னும் கிடைத்தால் வாங்காதீர்கள். வைத்திருந்தால் கழற்றிப் போடுங்கள். ஏர்பேக் இருக்கிறதே என்பவர்களுக்கு: ஏர்பேக் பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்ந்து வருபவரின் முகத்திலும் மார்பிலும் அதுவே ஓங்கி அறையும். பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பெரிய மோதலில் ஒரு தரம் இழுபட்ட பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். மோதும் நொடியில் பட்டையை வெடுக்கென்று இறுக்கும் பாகம் ஒரு முறைதான் வேலை செய்யும். முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள், நூல் பிரிந்திருந்தாலோ, விட்டதும் தானாக உள்ளே ஓடாமல் தொங்கினாலோ, விலை பேசுவதற்கு முன் அதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். கார் விபத்துச் செய்தி போடும்போது இறந்தவர், காயமடைந்தவர் விவரத்தோடு யார் பெல்ட் போட்டிருந்தார், யார் போடவில்லை என்பதையும் போலீஸிடம் கேட்டுப் போடுங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பதிப்பில் ஒரு நாள், கால் பக்கத்துக்கு ஒரு படமும் போடுங்கள். காரோடு வரும் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பேன்ட் போட்ட வெளிநாட்டுக்காரர் படம்தான். கொசுவம் வைத்துப் புடவை கட்டிய பெண்ணுக்கு, ஏழு மாதக் கர்ப்பிணிக்கு, வேட்டி கட்டிய தாத்தாவுக்கு, பூஸ்டர் சீட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பெல்ட் எங்கே இருக்க வேண்டும் என்று வரைந்து காட்டினால், வெட்டி எடுத்து டாக்சி ஸ்டாண்டிலும் டிரைவிங் ஸ்கூலிலும் ஒட்டுவார்கள். படம் வரைபவருக்கு எந்த எலும்பு எங்கே என்று சொல்ல ஆள் வேண்டுமென்றால், உங்கள் அலுவலகத்துக்கே வந்து சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.